சாணி கரைத்தவர் வீட்டு அடுப்பு

கல்யாணமாகிக் காரமடைக்குக் கிழக்கே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது எனக்குச் சமைக்கத் தெரியும். அடுப்பு எரிக்கத் தெரியாது. என் அப்பா கோயமுத்தூரில் மில் தொழிலாளி. எங்கள் லைன் வீட்டில் ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடிக்கும் பம்ப் ஸ்டவ்தான். புகுந்த வீட்டிலோ பருத்திமார் என்னும் காய்ந்த பருத்திச் செடியும் தென்னமட்டையும் வறட்டியும் எரிந்தன. ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதினால் சாம்பல் என் முகத்துக்கே திரும்பி வரும். முதல் மாதமே இரண்டு கண்ணும் வீங்கிப்போயின. மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், நந்தியாவட்டைப் பூவை நனைத்து என் கண்மேல் வைத்துக் கட்டினார்.

"போகப் போகப் பழகிரும் கண்ணு. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அவர் கண்கள் எந்நேரமும் சிவந்தே இருந்தன. விடிந்ததும் அவர் இருமுவதைக் கேட்டுத்தான் நான் எழுந்துகொள்வேன். பழகிவிட்டால் இப்படித்தான் ஆவோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரில் சிலிண்டருக்குப் பதிவு செய்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்குச் சிலிண்டர் வண்டி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிளாக் ஆபீசில் சாணி கேஸுக்கு மானியம் தருகிறார்கள் என்று காரமடைச் சந்தைக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அவரை நான் விடவில்லை. எழுந்தால் சாணி கேஸ், படுத்தால் சாணி கேஸ். கடைசியில் அவர் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். மாமனாருக்கு ஒரே சந்தேகம்தான்.

"சாணியப் பூராத்தையும் எரிச்சுப்போட்டா காட்டுக்கு எருவுக்கு எங்க போறது?"

கட்ட வந்த மேஸ்திரி அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். "எரியறது காத்து மட்டுந்தானுங்க. சாணி அப்படியே வெளிய வந்துருமுங்க. பச்சைச் சாணியக் காட்டியும் அது நல்ல எருவுங்க."

மாமா ஒத்துக்கொண்டார்.

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். எங்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிச் சாணி அள்ள ஒரு பெண் வருவார். தோட்டத்தின் தெற்கு ஓரத்தில், வண்டித்தடத்துக்கு அந்தப் பக்கம், கிளுவை வேலியை ஒட்டி அவருடைய குடிசை. அவர் வீட்டுக்காரர் எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுவார். அந்த அம்மா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இருந்தாலும் வீட்டில் எல்லாரையும் போல நானும் அவரைப் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குக் காப்பி கொடுக்கும் டம்ளர் கொட்டகைக் கூரையின் எறவானத்தில் தனியாகச் செருகியிருக்கும். வந்த புதிதில் அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. இப்போது எழுதும்போது அவரை அக்கா என்றே எழுதுகிறேன். அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொட்டகை கூட்டுகிறவருக்குத் தினம் இரண்டு கூடை சாணி என்பது அந்த வீட்டு வழக்கம். யாரும் பேசி வைத்ததல்ல. அத்தை அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அக்கா அதைக் கொண்டுபோய் வறட்டி தட்டித் தன் குடிசையின் மண்சுவரில் அப்பி வைப்பார். அதுதான் அவர் வீட்டு விறகு.

கொட்டகைக்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு குழி வெட்டினார்கள். வெட்டியவர் அக்காவின் வீட்டுக்காரர், மண் சுமந்தவர் அக்கா. உள்ளே செங்கல் வைத்துக் கட்டி, பக்கத்தில் சாணி கரைக்க ஒரு தொட்டி கட்டி, இரும்பு டிரம் ஒன்றை லாரியில் கொண்டுவந்து அந்தக் கிணற்றில் கவிழ்த்தார்கள். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும், எரிக்க எரிக்கக் கீழே இறங்கும். அரிசிப் பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது போல, சமையலுக்கு முன்னால் எட்டி டிரம்மைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை பற்ற வைத்தபோது எரியவில்லை. "மொத காத்து அப்படித்தானுங்க, தொறந்து உட்ருங்க" என்றார் மேஸ்திரி. நாலு நாள் கழித்துக் குச்சியைக் கிழித்துக் கிட்டக் கொண்டுபோனதும் குப்பென்று பிடித்தது. நீலமாக ஒரு வளையம். புகையே இல்லை. அத்தை கொஞ்சம் தள்ளி நின்றே கையை நீட்டிப் பார்த்தார்.

"சூடு இருக்குதாட்டத்தான் தெரியுது" என்றார்.

அன்றைக்குப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டோம். இரண்டு பேர் குடிக்காமலே போனார்கள். சாணியில் போட்ட காப்பி என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்களாம். அத்தை முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு அவரே சிரித்தார். ஒரு மாதத்தில் அவருடைய காலை இருமல் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயமுத்தூருக்குப் போகும்போதெல்லாம் லைன் வீட்டில் ஒவ்வொருவரிடமும் என் அடுப்பைப் பற்றியே பேசினேன்.

மேஸ்திரி சொன்ன கணக்குப்படி தொட்டிக்குத் தினம் எட்டுக் கூடை சாணி வேண்டும். எங்கள் கொட்டகையில் விழுந்ததும் எட்டுக் கூடைதான். அக்காவுக்கு இனிமேல் சாணி இல்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அந்த இரண்டு கூடையும் நின்றுவிட்டது. தினமும் விடிந்ததும் அக்காதான் சாணியை அள்ளி, வைக்கோலும் கல்லும் பொறுக்கி, தண்ணீர் விட்டுக் கையால் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார். கையைக் கழுவிக்கொண்டு வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போவார். பல மாதங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கண்ணில் அது படவில்லை.

ஒருநாள் அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் வீட்டுக்காரரைக் கேட்டால், "காலுல முள்ளு ஏறிப்போச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்சம் மஞ்சள்தூளும் வேப்பெண்ணெயும் எடுத்துக்கொண்டு நான் குடிசைக்குப் போனேன். அந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த வாசலுக்கு நான் போனது அன்றுதான் முதல் தடவை.

வெளிச்சுவர் வெறுமையாக இருந்தது. வறட்டி அப்பியிருந்த இடங்களில் வட்ட வட்டமாகத் தழும்பு மட்டும் தெரிந்தது. உள்ளே போனால் புகை. அப்படி ஒரு புகையை எங்கள் பழைய அடுப்பில்கூட நான் பார்த்ததில்லை. அடுப்பில் பச்சை வேலிகாத்தான் முள் சீறிக்கொண்டு கிடந்தது. அக்கா பாயில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். பாதம் வீங்கிப் பளபளத்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருக்கட்டும், உக்காரு. முள்ளு எங்க ஏறுச்சு?"

"பள்ளத்துல வெறகு பொறுக்கறப்பங்க அம்மணி. அக்கட்டால இருக்கறதெல்லாம் வேலிகாத்தான் முள்ளுங்க. காஞ்சதையெல்லாம் ஏற்கெனவே வெட்டிட்டுப் போயிட்டாங்க."

"அத்தன தூரம் ஓடைப்பள்ளம் வரைக்கும் எதுக்குப் போன?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இது கூடத் தெரியாதா என்பது போல ஒரு ஆச்சரியம் இருந்தது. பிறகு சொன்னார்:

"சாணியெல்லாம் கேஸுத் தொட்டிக்குப் போயிருதுங்களே."

கொண்டுபோன மஞ்சள்தூளையும் வேப்பெண்ணெயையும் அவர் பக்கத்தில் வைத்தேன். அவரே என்னைச் சமாதானப்படுத்தினார். "அதுக்கென்னங்க பண்றது. உங்க கண்ணு நல்லா ஆயிருச்சுங்களே, அது போதுமுங்க."

வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடும்போது மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கூடையைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"குடுத்தா டிரம்மு எழும்பாது கண்ணு. பொறவு நீதான் பாதிச் சோத்தோட நிப்பே."

அது உண்மைதான். அந்த வாரம் வேறு ஒரு வேலையாகப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த மேஸ்திரியைப் பிடித்து, அக்காவுக்கும் சாணி கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் டிரம்மைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"சாணியப் பிரிக்காதீங்க அம்மணி. கேஸைப் பிரிங்க. ராத்திரியெல்லாம் ஊறி, விடியறப்ப டிரம்மு நெறஞ்சு ஓரத்துல பொளபொளன்னு குமிழி உடுமுங்க. அது அத்தனையும் வீணாத்தான் போவுது. அவிய வேலைக்கு வர்றதுக்கு முன்னால சமைச்சுக்கிட்டா உங்களுக்குக் கொறையவே கொறையாது. அவிய குடிசைக்கு ஒரு குழாய் போட்டுட்டாப் போதுமுங்க. இருநூறு அடி இருக்குமா? கொஞ்சம் பெரிய குழாயாப் போட்டாப் போயிருமுங்க."

மறுநாள் விடியும் முன்பே எழுந்து டிரம் பக்கம் போய்க் காதுகொடுத்துக் கேட்டேன். டிரம்மின் ஓரமெல்லாம் குமிழி விட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது குழாய் என்ற பேச்சை எடுத்தேன். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அத்தைதான் பேசினார்.

"அவிய ஊட்டு அடுப்பும் நம்மூட்டு அடுப்பும் ஒரே குழாயா? ஊரு என்ன சொல்லும்?"

"குழாயில சோறா போவுது அத்தை? காத்துதானுங்களே போவுது."

"அதெல்லாம் உங்க டவுனுப் பேச்சு கண்ணு."

மாமா கை கழுவ எழுந்துபோய்விட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

இதற்கிடையில் அக்காவுக்குப் பதிலாக வந்த ஆள் நாலு நாள் சாணி கரைத்தார். வைக்கோல் பொறுக்காமல் அப்படியே அள்ளிக் கொட்டியிருக்கிறார். ஐந்தாம் நாள் தொட்டியிலிருந்து உள்ளே போகும் குழாய் அடைத்துக்கொண்டது. டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. அடுப்பில் சுடர் வரவில்லை. மூலையில் கிடந்த பழைய அடுப்பைத் துடைத்துப் பருத்திமாரைப் பற்ற வைத்தோம். அத்தைக்கு அன்றைக்கே இருமல் வந்துவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் தொட்டிக்குள் கம்பை விட்டுக் குத்தினோம். ஆளை விட்டு அள்ளச் சொன்னோம். நானே கையை விட்டுக் கரைத்தும் பார்த்தேன். எட்டுக் கூடையைக் கட்டியில்லாமல் கரைப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது கூடையிலேயே இடுப்பு விட்டுப்போனது.

ஏழாம் நாள் அக்கா வந்தார். கால் இன்னும் முழுசாக ஆறவில்லை. துணி சுற்றிக் கட்டி, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

"அம்மணி, சித்த நில்லுங்க. குத்தாதீங்க. குத்துனா வைக்கோலு இன்னும் உள்ளதான் போவுமுங்க."

நீளமான மூங்கில் ஒன்றின் நுனியில் பழைய கதிரறுவாளைக் கட்டச் சொன்னார். அதைக் குழாய்க்குள் விட்டு, திருகித் திருகி, வைக்கோல் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் டிரம்மை இப்படியும் அப்படியும் சுழற்றச் சொன்னார். "மேல ஏடு கட்டிப்போச்சுங்க. தெனமும் ஒரு சுத்துச் சுத்தோணும். நான் சுத்திப்போட்டுத்தான் போவேன்." அந்த ஏடு உடைந்ததும் டிரம் மெல்ல நிமிர்ந்தது. இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் செய்து செய்து அவராகக் கண்டுபிடித்தது.

மாமா கொட்டகை மறைவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, அந்த மேஸ்திரி குழாயி எத்தன அடி வேணும்னான்?"

"இருநூறு அடியாவது வேணுமுங்க மாமா."

"மோட்டாரை எறக்கறப்பக் கெணத்துல இருந்து கழட்டுன பழைய குழாயி மோட்டார் ரூமுக்குப் பின்னால கெடக்குது. ஓட்டையில்லாததாப் பாத்து எடுத்துக்கங்க."

அத்தை ஏதோ சொல்ல வந்தார். மாமா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஊரா வந்து நமக்குச் சாணி கரைக்குது?"

அவர் மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் இல்லாவிட்டால் அடுப்பு இல்லை என்பதை அந்த ஒரு வாரம் அவருக்குக் காட்டிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மானியத்தில் வந்தது ஒரே அடுப்பு. இன்னொன்றுக்கு நானும் வீட்டுக்காரரும் கோயமுத்தூரில் உக்கடத்துப் பக்கம் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் ஒரு பாயிடம் போனோம். என் அப்பாவின் பம்ப் ஸ்டவ்வை வருடக்கணக்காகச் சரிசெய்து கொடுத்தவர் அவர். பழைய கேஸ் அடுப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "எந்த கேஸுக்கும்மா?" என்றார்.

"சாணி கேஸுங்க பாய். ஓட்டை பெருசா இருக்கோணும்னு மேஸ்திரி சொன்னாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன வருசத்துல இதுக்குச் செஞ்சதே இல்லம்மா." ஆனாலும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேஸ் வரும் ஓட்டையைத் துளைத்துத் துளைத்து ஊதிப் பார்த்தார். ஒன்றுக்கு மூன்றாகச் செய்து கையில் கொடுத்தார். "மூணையும் மாட்டிப் பாருங்க. எது நீலமா எரியுதோ அத வெச்சுக்கிட்டு மத்தத அடுத்த தடவ வாரப்பக் கொண்டாங்க. எனக்கும் அளவு தெரியணுமில்ல."

இரண்டாவது ஓட்டைதான் சரியாக வந்தது.

கூரை வீட்டுக்குள் அடுப்பு வைக்கக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் குடிசையை ஒட்டி மூன்று பக்கம் மண்சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டுச் சின்னதாக ஒரு சமையல் இடம் கட்டினார்கள். வண்டித்தடத்தைக் குறுக்கே வெட்டிக் குழாயைப் புதைத்தார்கள். அக்காவே குச்சியைக் கிழித்தார். சுடர் வந்ததும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். காதை அடுப்பின் பக்கம் சாய்த்தார்.

"ஏனுங்க அம்மணி, சத்தமே இல்லீங்களே?"

முள் வெடிக்கும் சத்தமும் பச்சை விறகு சீறும் சத்தமும் கேட்டே பழகியவர். அந்த அமைதியை நம்பாமல் இரண்டு தடவை அணைத்துவிட்டுப் பற்ற வைத்தார்.

எல்லாம் உடனே நல்லபடியாகிவிடவில்லை. ஒரு வாரத்தில் அக்கா வீட்டுச் சுடர் கண்சிமிட்ட ஆரம்பித்தது. எரியும், குதிக்கும், அணையும். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினோம், அவர் வரவில்லை. அக்கா குழாய் போகும் வழியெல்லாம் நடந்து, தரையில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். வண்டித்தடத்துக்கு அடியில் குழாய் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அங்கே களக்களக் என்று சத்தம்.

"உள்ளுக்குள்ள தண்ணி நிக்குதுங்க" என்று வந்து சொன்னார். தோண்டிப் பார்த்தால் சரியாக அந்த இடத்தில்தான் தண்ணீர். கேஸோடு வரும் ஈரம் குழாயில் குளிர்ந்து தண்ணீராகித் தங்கிவிடுகிறது. மேஸ்திரி மெதுவாக வந்து சேர்ந்து அங்கே ஒரு திருகு மூடி வைத்துக் கொடுத்தார். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அக்கா அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவார்.

இன்னொரு நாள் சாயங்காலம் எங்கள் டிரம் அடிமட்டத்தில் கிடந்தது. அக்கா வீட்டுக்கு உறவு வந்திருக்கிறார்கள், பகலிலும் சமைத்திருக்கிறார். அத்தை கொட்டகைக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "தப்புத்தானுங்க. நாளையில இருந்து நானும் ரெண்டு கூடை கொண்டாந்து ஊத்தறேனுங்க" என்றார். சொன்னபடியே செய்தார். சந்தைக்குப் போகும் மாடுகள் வண்டித்தடத்தில் போடுவது, குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் எருமைகள் போடுவது எல்லாம் அவர் கூடைக்கு வந்தது. டிரம் அதற்கு முன்பு எழும்பாத உயரத்துக்கு எழும்பியது. அத்தை அதை நின்று பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து அக்கா சாயங்காலமும் சமைத்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஒருநாள் காலையில், "உம்மூட்டு அடுப்பு நல்லா எரியுதா?" என்று அவராகவே அக்காவிடம் கேட்டதை என் காதால் கேட்டேன்.

அந்த டம்ளர் மட்டும் எறவானத்தை விட்டு இறங்க இன்னும் பல வருடம் ஆனது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் மேஸ்திரி வந்து வேறு ஒரு காரியமாகப் பேசினார். அவர் கட்டிக்கொடுத்த தொட்டிகளில் பாதிக்கு மேல் சரியாகக் கரைக்கத் தெரியாமல் நின்றுபோயிருந்தனவாம். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்ல முடியுமா என்று மாமாவைக் கேட்டார். மாமா, "என்னயக் கேட்டா? அந்தப் புள்ளையக் கேளு" என்றார். அக்கா தனியாகப் போகத் தயங்கினார். துணைக்கு நான் போனேன்.

முதலில் போனது அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டம். புதுத் தொட்டி, கட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை, சுத்தமாக நின்றுபோயிருந்தது. அந்த வீட்டு அம்மா எங்களை வரவேற்று டிரம்மைக் காட்டினார். எங்கள் கதையையெல்லாம் மேஸ்திரி ஏற்கெனவே சொல்லியிருப்பார் போல. அக்காவைக் கொஞ்சம் ஆச்சரியமாகவே பார்த்தார். அக்கா தொட்டியில் கையை விட்டு, சாணியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். மண்ணும் வைக்கோலும் கலந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்:

"இங்க சாணி கரைக்கறது ஆருங்க?"

"ஆளுக வருவாங்க. ஒருத்தி நின்னா இன்னொருத்தி. எவளும் ஒழுங்காச் செய்யறதில்ல."

"அவிய ஊட்டுல என்னங்க எரியுது?"

அந்த அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டார். எனக்குப் புரிந்தது. நான் பல மாதங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அந்தத் தோட்டத்தில் குழாய் போட முடியவில்லை. ஆட்கள் குடியிருந்தது வெகு தூரம். அதற்குப் பதிலாகக் கரைக்கிறவருக்குத் தினம் இரண்டு கூடை என்று பேசி வைத்துவிட்டு வந்தோம். அவர்கள் இன்னும் இரண்டு மாடு வாங்கியதும் தொட்டி நன்றாக ஓடியது என்று பிறகு கேள்விப்பட்டோம். அதன்பிறகு போன இடங்களில் சிலவற்றில் குழாய் போனது. சில இடங்களில் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். அக்கா எங்கே போனாலும் முதலில் தொட்டியைப் பார்ப்பார், அடுத்து அந்தக் கேள்வியைக் கேட்பார்.

அன்னூரிலிருந்து அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு சீட்டில் இரண்டு இடம் காலியானது. நான் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "உக்காருங்க்கா" என்றேன். அந்த வார்த்தை அப்படித்தான் முதல் தடவையாக வாயில் வந்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகச் சோளக்காட்டுக் காற்று நன்றாக வந்தது.

"இன்னைக்குப் போயி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கோணுமுங்க" என்றார். "அரை மணி நேரத்துல ஆயிருமுங்க. பொறவு சித்த படுத்துக்கலாமுங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.